வேலைக்காரன் வெட்டிய தாது

கோலார் தங்கவயலின் கதையை எங்கள் ஊரில் மைக்கேல் லவேலியிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் வரலாற்று ஆசிரியனாக இருந்த காலம் முழுக்க அப்படித்தான் தொடங்கினேன். பெங்களூர் தண்டில் குடியிருந்த ஐரிஷ்காரர், ஓய்வுபெற்ற படைவீரர், தங்கம் தேடி மாட்டுவண்டியில் கோலாருக்கு வந்தவர். மாணவர்களுக்குப் பிடித்த கதை. அவர் எந்தப் போரிலிருந்து ஓய்வுபெற்று வந்தார் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நியூசிலாந்தில் அதன் பூர்வகுடிகளான மவோரிகளுக்கு எதிராக நடந்த போர்களில் பணியாற்றியவர் லவேலி. அவை நிலத்துக்காக நடந்த போர்கள். 1840-இல் வைட்டாங்கியில் மவோரித் தலைவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட அரசு, 1863-இல் ஒரு சட்டம் போட்டு, எதிர்த்து நின்ற குலங்களின் நிலத்தைப் பறிமுதல் செய்தது. அப்படிப் போனது ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர். அங்கே போரும் சட்டமும் சேர்ந்து செய்ததை, இங்கே ஒரு குத்தகைத் தாள் சத்தமில்லாமல் செய்து முடித்தது.

லவேலி இங்கே எதையும் ‘கண்டுபிடிக்க’வில்லை. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு, மைசூரின் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802-இல் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுபவர்களுக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். உரிகம் கிராமத்தார் வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரே கழுவித் தங்கத்தைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டியதையும், பெண்கள் அதைப் பாறைமேல் வைத்து இடித்துத் தூளாக்கியதையும் வாரன் எழுதி வைத்தார். 1804-இல் அச்சான அந்தக் குறிப்பைத்தான் லவேலி 1871 வாக்கில் படித்தார். இதற்கிடையில், விபத்தில் ஆட்கள் இறந்ததைக் காரணம் காட்டி, ஊரார் குழிக்குள் இறங்கி வெட்டுவதை அரசு 1859-இல் தடை செய்திருந்தது. 1875 பிப்ரவரி 2-ஆம் தேதி லவேலிக்கு 20 ஆண்டுக் குத்தகை கிடைத்தது. மைசூரை அப்போது ஆண்டது பிரிட்டிஷ் கமிஷன். அதாவது தடை போட்டவர்களும் குத்தகை கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள். லவேலியின் உரிமை கைமாறி, 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வசம் சுரங்கம் போனது. அதன் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும்.

இந்தக் கைமாற்றத்துக்கு ஒரு தத்துவ நியாயம் முன்பே தயாராக இருந்தது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1689-இல் வெளியிட்ட நூலில், பொதுவாகக் கிடக்கும் இயற்கையோடு ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவன் சொத்தாகிறது என்று வாதிட்டார். உழைப்பே உரிமை என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உழுது வேலி போடுவதைத்தான் உழைப்பு என்று அவர் எண்ணினார். வேட்டையாடி வாழ்ந்த அமெரிக்கப் பழங்குடிகளின் நிலம் அந்தக் கணக்கில் ‘வீண் நிலம்’ ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவையும் ஆளில்லா நிலமாகப் பாவித்தே எடுத்துக்கொண்டார்கள். அது பொய் என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் ஒப்புக்கொள்ள 1992 வரை ஆனது.

தங்கவயல்காரனான என்னை உறுத்துவது லாக் தரும் இன்னொரு உதாரணம். பொது நிலத்தில் தன் குதிரை மேய்ந்த புல்லும், தன் வேலைக்காரன் வெட்டிய புல்கரணையும், தான் தோண்டிய தாதுவும் தனக்கே சொந்தம் என்று ஒரே மூச்சில் அடுக்குகிறார். உழைத்தவனுக்கே உரிமை என்றால் வேலைக்காரன் வெட்டியது ஏன் எஜமானுக்குப் போகிறது? அந்த வாக்கியத்தில் அவனும் குதிரையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

எங்கள் தாத்தாக்கள் நின்றதும் அந்த வரிசையில்தான். வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து வந்து, கம்பெனி நிலத்தில் தட்டி வீடு கட்டி வாழ்ந்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது இயந்திரங்களுக்காக. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஏர் பிளாஸ்ட் ஆகிப் பாறை வெடித்தால் மேலே தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகள்கூட அதிரும். கல்தூசு நுரையீரலை அரித்தது. உழைப்பைக் கலப்பது என்பதற்கு இதைவிட நேரான பொருள் உண்டா? ஆனால் 1897-ஆம் ஆண்டின் சுரங்க ஒழுங்குமுறைப்படி, அதே தாதுவைத் தொழிலாளி கணக்குச் சொல்ல முடியாமல் வைத்திருந்தால் குற்றம். 1930-இல் கைரேகைப் பதிவு வந்தபோது ஊரே வேலையை நிறுத்தியது. கூலியைத் தாண்டி, தங்களைத் திருடர்களாகப் பாவிப்பதை எதிர்த்த போராட்டம் அது.

‘நீங்கள் வந்தேறிகள்தானே, மண்ணின் உரிமை எப்படிக் கேட்பீர்கள்?’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வந்தவர்கள் எதை விட்டு வந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைப் படித்தால் தெரியும்: பரம்பரை நில உரிமையான மிராசு முறையில் சேரி மக்களுக்கு, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. அந்த அறிக்கைக்குப் பிறகே அவர்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை 1892-இல் வந்தது. சொந்த மண்ணில் இடமில்லாதவர்கள்தான் அடுத்த ராஜ்ஜியத்தின் மண்ணுக்கு அடியில் இறங்கினார்கள்.

அவர்களிடம்தான் தமிழ் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் வந்து சேர்ந்தார். சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர்விட்டன. அவருடைய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பிறகு 1926-இல் இங்கிருந்தே மீண்டும் வந்தது. நீங்கள் தாழ்ந்தவர்கள் அல்ல, இந்த நாட்டின் பூர்வகுடிகள், பௌத்தத்தை விட்டுக்கொடுக்காததால் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அவர் வாதம். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் அதைப் படித்தார்கள், பக்கத்து வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார்கள். பூர்வகுடி உரிமை குறித்து இன்று உலகம் பேசும் பேச்சை, லைன் வீட்டுத் திண்ணைகள் நூறாண்டுக்கு முன்பே பேசிவிட்டன.

இருந்தாலும், முதலில் வந்தவன் யார் என்ற கணக்கு மட்டும் போதாது. அந்தக் கணக்கில் உரிகத்து ஊரார் எங்களுக்கு முந்தியவர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. நியூசிலாந்தில் பிறந்த தத்துவவாதி ஜெரமி வால்ட்ரன் 1992-இல் ஒரு கட்டுரையில் வேறொரு வாதம் வைத்தார். பழைய அநீதி உண்மைதான், ஆனால் இடையில் சூழ்நிலை மாறி, வேறு மக்கள் அந்த நிலத்தை நம்பி வாழத் தொடங்கிவிட்டால், இன்றைய நியாயத்தை இன்றைய நிலையை வைத்தே பார்க்க வேண்டும் என்றார். பறித்தவன் கொஞ்சகாலம் காத்திருந்தால் போதும், எல்லாம் அவனுடையதாகிவிடும் என்று பலர் இதைச் சாடினார்கள். அந்த அச்சம் பொய்யல்ல.

தங்கவயலில் வைத்துப் பார்த்தால் இந்த வாதம் வேறு பக்கம் சாய்கிறது. பறித்தவர்கள் இங்கே தங்கவில்லை. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டபோது நஷ்டஈடு கம்பெனிகளுக்குப் போனது. பின்னர் அவற்றை நடத்திய மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போக, இங்கே மிஞ்சியவர்கள் தோண்டியவர்களும் சுற்றுக் கிராமத்தாரும்தான். மாறிய சூழ்நிலையின் பேரில் உரிமை கேட்கத் தகுந்தவர்கள் இருந்தால், அவர்கள் இவர்கள்தான்.

இதை ஏட்டு விவாதம் என்று தள்ள முடியாது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மலைகளில், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த 13 மேடுகளில், எஞ்சிய தங்கத்தை எடுக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காற்று அடித்தால் அந்தத் தூசு எங்கள் சோற்றில் விழுகிறது. ஒடிசாவின் நியமகிரியில் இதே போன்ற கேள்வி எழுந்தபோது, 2013-இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு வன உரிமைச் சட்டம் துணை நின்றது. எங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. சட்டம் இல்லை என்பதற்காக நியாயமும் இல்லை என்று ஆகிவிடாது. 1875-இல் உரிகத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த கையெழுத்துக்கு முன்பாவது உரிகம் கிராமத்தையும் லைன் வீடுகளையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்துக் கேட்கட்டும், அவர்கள் வேண்டாம் என்றால் அந்தத் தாளை மூடி வைக்கட்டும்.