தேவசித்தமும் தரிசு நிலமும்

மாறுதல் காலத்தில் தேவசித்தத்தை எப்படி அறிவது என்று கேட்டால், தனியே முழங்காலில் நின்று ஜெபியுங்கள், உள்ளத்தில் சமாதானம் வந்தால் அதுவே விடை என்று சபைகளில் சொல்லித் தருகிறோம். அது தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்குச் செங்கல்பட்டின் சபை வரலாறே சாட்சி. ஒடுக்கப்பட்டவரின் கோரிக்கைக்குக் காது கொடுக்காத ஜெபம் பாதியிலேயே நின்றுவிடும் என்பதுதான் அந்த வரலாறு தரும் பாடம்.

1837இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் பள்ளி தொடங்கியபோது, அவரை அனுப்பிய ஸ்காட்லாந்து மிஷனுக்குத் தன் வழி குறித்துச் சந்தேகமே இல்லை. உயர்சாதி இளைஞருக்கு ஆங்கிலக் கல்வி கொடுத்தால் சுவிசேஷம் மேலிருந்து கீழே இறங்கிப் பரவும் என்று நம்பினார்கள். செங்கல்பட்டில் பள்ளி நடத்தியதும் அந்த நம்பிக்கையில்தான். 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில், அவர்கள் எதிர்பார்த்தே இராத சேரி மக்கள் குடும்பம் குடும்பமாகச் சபையைத் தேடி வந்தார்கள். தேவன் எந்த வாசல் வழியாக வருவார் என்று மிஷன் கணக்குப் போட்டு வைத்திருந்ததோ, அந்த வாசல் வழியாக அவர் வரவில்லை.

வந்தவர்களின் பெருங்குறை நிலம். படியாளாக உழைத்தவனுக்குக் குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லை. மிராசுதார் கோபித்தால் அன்றே இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும், ஊர்த் தரிசில் முதல் உரிமை மிராசுதாருக்கே இருந்ததால் அவர் குறுக்கே நின்று மனுவைத் தடுக்க முடிந்தது. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூவும், அந்நாளில் இதே மாவட்டத்தில் சேர்ந்திருந்த திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் இதைப் பார்த்தபின் நில உரிமைக்காக வாதாடினார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் இம்மக்களின் நிலைமை பற்றி அறிக்கை தந்தார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த அரசாணை 1892 செப்டம்பர் 30இல் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலுள்ள மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூவின் முயற்சியில் உருவான குடியிருப்பு.

இதெல்லாம் சோற்றுக்காக மதம் மாறியவர்களின் கதை என்று அன்றே ஏளனம் செய்தார்கள். மிஷனரிகளுக்குள்ளேயே அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் சபையில் சேர்ந்தவன் மிராசுதாரின் பகையைத் தேடிக்கொண்டான். வேலையும் மனையும் ஒரே நாளில் பறிபோகலாம். ஆதாயம் மட்டுமே குறியாக இருந்தவன் இவ்வளவு பெரிய ஆபத்தில் இறங்கியிருக்க மாட்டான். மேலும், நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்காக எலியாவை அரசன் முன் அனுப்பிய தேவன், நிலத்தை ஆவிக்குரிய காரியத்துக்கு வெளியே வைக்கவில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்து 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் ஞானஸ்நானம் பெறாமலேயே இம்மக்களின் உரிமைக்குப் போராடினாரே, அப்படியிருக்க இதில் தேவசித்தம் எங்கே வந்தது? நீதி தேவனுடையது என்று நம்புகிறவர்களுக்கு, அது சபைக்கு வெளியிலிருந்து ஒலிக்கும்போதும் அடையாளம் தெரிய வேண்டும். அந்தக் கேள்வி விசுவாசத்தைக் குலைக்காது, விரிவாக்கவே செய்யும்.

அரசாணையோடு காரியம் முடிந்துவிடவில்லை. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். கிறிஸ்தவப் பெயரும் இந்துப் பெயரும் அந்த ஒரே கோரிக்கையில் ஒன்றாக நின்றன. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்த மாறுதலில் தேவசித்தம் எதுவென்று தேடும் சபைகள், ஜெபக்கூட்டத்தோடு நின்றுவிடாமல், தங்கள் ஊரின் பஞ்சமி நிலம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்; பறிகொடுத்தவர்கள் எந்த மதத்தவராயினும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.