பெரிய சென்ட்

அமெரிக்காவில் 1793 முதல் 1857 வரை வெளியான செப்புக் காசு. 1815 என்று ஆண்டு பொறித்தது மட்டும் கிடையாது. தொடக்கக்கால அச்சுகள் கையால் வெட்டப்பட்டவை, அதனால் ஒரே ஆண்டுக் காசிலும் பல வகைகள் உண்டு. வில்லியம் செல்டன் 1949இல் 1793–1814 காலத்து வகைகளுக்கு எண் கொடுத்து, 1 முதல் 70 வரை தர அளவும் வகுத்தார். 70ஆம் தரக் காசு 1ஆம் தரக் காசைப்போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. சந்தையில் அக்கணக்கு நிலைக்கவில்லை. அளவோ தங்கம், வெள்ளி நாணயங்களுக்கும் பரவிவிட்டது. செம்புக்கு நிறமும் தனியே மதிப்பிடப்படும்: சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு. பூசைப் பாத்திரம்போல் புளி போட்டுத் துலக்கிய காசைச் சேகரிப்போர் ஒதுக்குவர். நியூயார்க்கின் அமெரிக்க நாணயவியல் சங்கத்திலிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றைச் செல்டன் மாற்றி வைத்தது பின்னாளில் அம்பலமானது.