அந்தப் 15 நிமிடங்கள்

கையைக் கழுவியாகிவிட்டது. அழுக்கு இல்லை என்பதும் தெரிகிறது. ஆனாலும் 'இன்னொரு தடவை கழுவு' என்று ஓர் எண்ணம். ஓசிடியின் கொடுமையே இதுதான். அந்த எண்ணத்தில் அர்த்தமில்லை என்று பலருக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்தும் கை குழாயைத் திறக்கும். அதனால் புத்திமதி சொல்லிப் பிரயோஜனமில்லை.

1966-இல் லண்டன் உளவியலாளர் விக்டர் மேயர் வேறொரு வழியை எழுதினார். நோயாளியை, அவர் அஞ்சுகிற பொருளையே தொட வைப்பது. பிறகு கழுவ விடாமல் தடுப்பது. பயம் மெல்லத் தணிந்தது. ஓசிடி சிகிச்சைக்கு இன்றும் அடித்தளம் இந்த முறைதான். ஆனால் தாங்க முடியாமல் பாதியில் விட்டுப்போகிறவர்களும் உண்டு.

இதில் நோயாளி வெறுமனே உட்பட்டு நிற்கிறார் என்பது லாஸ் ஏஞ்சல்ஸ் மனநல மருத்துவர் ஜெஃப்ரி ஷ்வார்ட்ஸை உறுத்தியது. அவருக்கு வழி கிடைத்தது ஒரு பௌத்த நூலில். எழுதியவர் நியானபோனிக தேரர்: ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936-இல் இலங்கை வந்து துறவியானவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசு அவரை டேராடூன் முகாமில் அடைத்து வைத்தது. பின்னாளில் பர்மாவில் மஹாசி சயாடோவின் தியான முறையைப் பயின்றார், கண்டியில் வாழ்ந்தார். கோபம் வந்தால் 'கோபம்' என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு, அதன் பின்னால் போகாமல் சும்மா கவனிப்பது அந்த முறை.

ஷ்வார்ட்ஸ் இதை நான்கு படிகளாக்கி, 1996-இல் 'பிரெயின் லாக்' என்ற நூலாக எழுதினார். 'இது ஓசிடி' என்று பெயரிடு. மூளையின் கோளாறு இது, நீ இல்லை என்று உணர். 15 நிமிடமாவது வேறு வேலையில் இறங்கு. கடைசியில், அந்த எண்ணத்துக்குக் கொடுத்த மதிப்பைக் குறை. அதே ஆண்டு அவர் குழு வெளியிட்ட பெட் ஸ்கேன் ஆய்வில், சிகிச்சையில் தேறியவர்களுக்கு மூளையின் காடேட் பகுதியில் செயல்பாடு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் மாத்திரை இல்லாத பயிற்சியும் மூளையில் தடம் பதிக்கும் என்று காட்டியது.

இங்கே ஒரு பொறி உண்டு. 'இது ஓசிடி' என்பதையே பத்து தடவை சொன்னால்தான் நிம்மதி என்றாகிவிட்டால், கழுவுவதற்குப் பதில் இன்னொரு சடங்கு வந்துவிட்டது. 'மனசு அமைதியாயிடுச்சா?' என்று நிமிடத்துக்கொரு முறை உள்ளே எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். எண்ணத்தை விரட்ட தியானத்தைப் பிடித்துக்கொள்கிறவர் சிக்குவது இங்கேதான். எண்ணம் இருக்கட்டும், அதற்குக் கீழ்ப்படிய வேண்டாம். மேயர் கேட்டதும் தேரர் சொன்னதும் சந்திக்கிற இடம் இது.

15 நிமிடம் முடிந்தபிறகும் எண்ணம் போகாமல் இருக்கலாம். குழாய் மூடியிருக்கிறது. அன்றைக்கு அது போதும்.