அழுகல் தேங்காயும் இரண்டு கடைகளும்

தேங்காயின் லட்சணம் உடைத்த பிறகுதான் தெரியும். விற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது, வாங்கியவரும் ஏமாறக் கூடாது. ஒரு கடை வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறது என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. சென்னைத் தெருமுனை அண்ணாச்சி கடையையும், சில நிமிடங்களில் சரக்கை வீட்டுக்கே அனுப்பும் கைபேசிச் செயலியையும் இதில் நிறுத்திப் பார்க்கலாம்.

அண்ணாச்சியிடம் உடைத்த இரண்டு மூடிகளையும் கொண்டுபோனால் போதும். முகர்ந்து பார்த்து ஓரமாக வைப்பார். குவியலில் இன்னொன்றை எடுத்து, காதோரம் ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேட்டு, விரலால் சுண்டிப் பார்த்து நீட்டுவார். “இதுவும் சரியில்லன்னா கொண்டு வாங்கம்மா.” புகாரைக் கேட்பவரும் முடிவெடுப்பவரும் நஷ்டத்தைத் தாங்குபவரும் அங்கே ஒரே ஆள். அந்தக் கடையின் பலம் முழுக்க இதில்தான் இருக்கிறது என்பேன். அடுத்த வாரம் நாம் கேட்காமலே தேங்காயைத் தட்டிப் பார்த்துத்தான் பையில் போடுவார்.

செயலியில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பல நேரம் மறுபேச்சில்லாமல் பணம் திரும்பிவிடுகிறது, முகம் சுளிக்க எதிரே ஆளும் இல்லை. இந்தச் சௌகரியம் சின்னதல்ல. ஆனால் காலை ஏழு மணிக்குச் சட்னி அரைக்க நிற்பவருக்கு வேண்டியது தேங்காய். பணம் வந்தாலும் அடுப்படி வேலை அப்படியே நிற்கிறது. பையைக் கொண்டுவந்த இளைஞருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது, மாற்றித்தரும் அதிகாரமும் கிடையாது. நாம் நேரில் பார்க்கும் ஒரே மனிதரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு உறவு வளரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சட்டம் என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ எல்லாக் கடைக்கும் பொது. பில் தராமலிருப்பது நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற பலகை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. செயலியில் வாங்கியதற்குப் பதிவு இருக்கிறது. துண்டுத்தாளில் கூட்டிப்போட்டுக் கிழித்தெறியும் கடையில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தாலும் கையில் எதைக் காட்டுவது?

பற்று நோட்டையும் பார்க்க வேண்டும். சம்பளம் வரும்வரை வட்டியில்லாமல் அரிசி பருப்பு தரும் அந்த நோட்டு எத்தனையோ குடும்பங்களின் மாதக் கடைசியைக் கடத்திவிட்டிருக்கிறது. கூடவே ஒரு கட்டும் உண்டு. பாக்கி வைத்திருப்பவர் விலை அதிகம் என்று வாய்திறக்கத் தயங்குவார், வேறு கடைப் பையோடு அந்த வழியே போகக் கூசுவார். தெருவுக்குப் புதிதாக வந்தவருக்கும், தமிழ் சரளமாக வராத தொழிலாளிக்கும் எல்லாக் கடையிலும் அந்தக் கனிவு கிடைப்பதில்லை. செயலி முகம் பார்ப்பதில்லை. அவர்கள் அதை நாடுவதில் எனக்கு வியப்பில்லை.

ஆனாலும், தவறு நேர்ந்த இடத்திலேயே சரிசெய்யும் அதிகாரம் அண்ணாச்சியிடம்தான் இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே என் கணக்கில் அவர் கடை முன்னே நிற்கிறது. பில் புத்தகம் ஒன்று வாங்கிப்போட அவருக்கு அதிகம் செலவாகாது. கொண்டுவருபவர் கையிலேயே மாற்றுப் பொருளுக்கு வழிசெய்வது செயலிக்குக் கடினமான வேலை, முதலாளிகளின் பிடியைத் தளர்த்தும் வேலை. இதற்குள் பல அண்ணாச்சிகள் வாட்ஸ்அப்பில் பட்டியல் வாங்கிப் பையன் மூலம் சரக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். பட்டியலைப் பார்த்ததும் ஒரு போன் வரும்: “துவரம்பருப்பு இந்த லோடு வேகவே மாட்டேங்குதும்மா. ரெண்டு நாள் பொறுங்க, புதுச் சரக்கு வந்துரும்.”