மேசைக்கணினி இயங்குதளம்

மேசைக்கணினி இயங்குதளம் என்பது, கணினியின் மையச் செயலகம், நினைவகம், வட்டு, திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய உறுப்புகளையெல்லாம் தன் ஆளுகையில் வைத்துக்கொண்டு, கடிதம் எழுதுதல், கணக்கு வைத்தல், படம் வரைதல் முதலான காரியங்களுக்கென்று அமைந்த மென்பொருள்களுக்கு அவற்றை வேண்டிய அளவு பங்கிட்டுக் கொடுக்கும் மூல மென்பொருளாகும். இவற்றுள் இன்று உலக வழக்கில் நிலைபெற்றவை மூன்று: மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ், ஆப்பிள் நிறுவனத்தின் மாக் ஓஎஸ், பல தேசத்தாரின் கூட்டுழைப்பால் வளர்ந்து வரும் லினக்ஸ். ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறலாமா என்னும் வினா தனி மனிதர்க்கு மட்டுமன்றி அரசாங்கங்களுக்கும் எழுவதுண்டு. தமிழ்நாட்டில் அது 2005-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு நிர்வாகப் பிரச்சினையாகவே உருவெடுத்தது.

தோற்றமும் வகைப்பாடும்

இயங்குதளங்களை அவற்றின் வமிசத்தைக் கொண்டு வகைப்படுத்துவது ஒரு முறை. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ், 1973-இல் சி மொழியில் திருப்பி எழுதப்பட்டமையால், ஒரு கணினி வகையோடு கட்டுண்டு கிடவாமல் பல கணினிகளுக்கும் பெயர்த்துச் செல்லத்தக்கதாயிற்று. மேசைக்கணினிகளில் வேறொரு மரபு முளைத்தது. கேரி கில்டால் 1974-இல் ஆக்கிய சிபி/எம் என்னும் இயங்குதளத்தின் சாயலில் டிம் பேட்டர்சன் எழுதிய ஒன்றை மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கித் திருத்தி, 1981-இல் ஐபிஎம் கணினியோடு எம்எஸ்-டாஸ் மரபாக உலவவிட்டது. 1985-இல் வெளியான முதல் விண்டோஸ் இந்த டாஸின் மேல் போர்த்திய திரையேயன்றித் தனி இயங்குதளமன்று. டிஜிட்டல் நிறுவனத்தில் விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கிய டேவ் கட்லர் பின்னர் மைக்ரோசாப்டுக்கு வந்து சமைத்த விண்டோஸ் என்டி 1993-இல் வெளியாயிற்று; 2001-இன் எக்ஸ்பி முதற்கொண்டு வீட்டுக் கணினிகளுக்கும் அதுவே அஸ்திவாரம்.

ஆப்பிளின் மாக்கின்டாஷ் 1984 ஜனவரியில் தோன்றி, சுட்டியும் சாளரமும் கொண்ட இடைமுகத்தைப் பொதுமக்கள் அறியச் செய்தது. அதன் பழைய இயங்குதளம் தளர்ந்தபோது, ஸ்டீவ் ஜாப்ஸ் நடத்திய நெக்ஸ்ட் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கி, யூனிக்ஸ் வழிவந்த அதன் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு 2001-இல் மாக் ஓஎஸ் எக்ஸ் என்பதை வெளியிட்டது.

உரிமத்தைக் கொண்டு வகைப்படுத்துவது மற்றொரு முறை. மூலநிரலைப் பிறர் காணவொட்டாமல் பூட்டி வைத்து, பயன்படுத்தும் அனுமதியை மட்டும் விற்பனை செய்வன ஒரு வகை. மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் எல்லார்க்கும் சுதந்திரம் அளிப்பன மற்றொரு வகை. பின்னதன் சித்தாந்தத்தை 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டமாக அறிவித்தார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் குனுவின் கருவிகளும் சேர்ந்ததே இன்று லினக்ஸ் என்று சுருக்கமாக வழங்கும் இயங்குதளம். குனு திட்டத்தார் அதனைக் குனு/லினக்ஸ் என்றே வழங்குதல் வேண்டும் என்பர். அது ஒரே உருவில் கிடைப்பதன்று. 1993-இல் பிறந்த டெபியன், அதனின்று 2004-இல் கிளைத்த உபுண்டு, ஜெர்மனியில் தோன்றிய சூசே எனப் பல வழங்கல்களாகப் பிரிந்து நிற்கிறது.

தமிழ் எழுத்தும் இயங்குதளமும்

தமிழ் பயன்படுத்துவோர்க்கு இயங்குதளத் தேர்வு நெடுங்காலம் எழுத்துருவின் தேர்வாகவே இருந்தது. 1984-இல் கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் டாஸில் இயங்கும் ஆதமி என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். அடுத்த ஆண்டு மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் 1990-களின் தொடக்கத்தில் மயிலை எழுத்துருவை வெளியிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றும் பணியில் முன்னோடியாயிருந்தார். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அமைத்தமையின், ஒருவர் தட்டெழுதிய கடிதம் மற்றொருவர் கணினியில் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கலாகத் தோன்றிற்று. ஈழத்தமிழரிடையே பாமினியும், தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில்லும், அச்சகங்களில் ஸ்ரீலிபி முதலியனவும் பரவி, ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியாக்கமாகவே நிலைத்துவிட்டன.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு, தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பையும், டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் வகுத்தது. தமிழ்நாட்டு அரசு அவற்றை ஏற்றது. இணையத்தில் கூடிய தமிழர்கள் டிஸ்கி என்னும் வேறொரு குறியாக்கத்தை உருவாக்கினர். இவற்றுக்கு முன்னரே, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமாகிய ஒருங்குறியின் 1991-இல் வெளியான முதற்பதிப்பில், இந்திய அரசின் இஸ்கி தரத்தை ஒட்டித் தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் விண்டோஸ் 2000 என்னும் பதிப்பு லதா எழுத்துருவோடு வந்த பின்னரே மேசைக்கணினியில் ஒருங்குறித் தமிழ் கைக்கெட்டியது. ஆப்பிள் தன் கணினிகளில் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவைச் சேர்த்துக்கொண்டது. லினக்ஸில் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவில் லோகித் எழுத்துரு வந்தது. கேடிஈ, க்னோம் ஆகிய மேசைத்தளங்களின் பட்டிகளையும் செய்திகளையும் தன்னார்வலர் பலர் தமிழாக்கினர்.

2010 ஜூன் மாதம், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில், ஒருங்குறியையும், எழுத்துக்கு ஓரிடமென வகுத்த டேஸ்16 என்னும் 16 பிட்டுக் குறியாக்கத்தையும் தமிழ்நாட்டு அரசு தரங்களாக அறிவித்தது. இவ்விரண்டில் எது தமிழின் இயல்புக்கு ஏற்றது என்று அறிஞரிடையே நிகழ்ந்த விவாதம் பயன்பாட்டினாலேயே முடிவுற்றது. எல்லா இயங்குதளங்களும் ஒருங்குறியையே கொண்டுள்ளன.

இவ்வரலாற்றின் பயன் யாதெனில், ஒருங்குறியில் எழுதியவர்க்கு இயங்குதளம் மாற்றுவது எளிது. பழைய குறியாக்கத்தில் பல்லாண்டு ஆவணங்களைச் சேர்த்துவிட்டவர்க்கு அரிது. எழுத்துருக் கோப்பினைப் புதிய இயங்குதளத்திலும் நிறுவலாம். ஆனால் அவ்வெழுத்துருவில் தட்டெழுதுவதற்கென்று விண்டோஸுக்கே எழுதப்பட்ட துணைமென்பொருள் அங்கே இயங்குவதில்லை. குறியாக்க மாற்றிகளைக் கொண்டு ஆவணங்களை முன்னதாகவே ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வது இதற்குப் பரிகாரம்.

தமிழ்நாட்டில் மாற்ற முயற்சிகள்

1977-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், சி. உமாசங்கர் இ.ஆ.ப. நிர்வாக இயக்குநராயிருந்த 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில், முதலில் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளுக்கும் மாற்றி, பின்பு அரசுத் துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் வாங்கும் கணினிகளில் லினக்ஸை இடம்பெறச் செய்தது. உரிமத்துக்கென்று ஆண்டுதோறும் பொதுப்பணம் செலவாவதையும், நச்சுநிரல் தொல்லையையும் தவிர்ப்பதே இம்மாற்றத்தின் நோக்கம். தன் அலுவலகத்திலேயே முதலில் பரீட்சித்துப் பார்த்தமையால் மாற்றத்தின் இடர்ப்பாடுகளை நிறுவனம் அநுபவத்தால் அறிந்திருந்தது. மேல்நிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் அக்காலத்தில் ஸ்டார் ஆபீஸைக் கற்பித்தது. 2018-இல் வெளியான புதிய பதினோராம் வகுப்புப் பாடநூல் விண்டோஸோடு உபுண்டுவையும், ஓப்பன் ஆபீஸையும் கற்பிக்கிறது.

மத்திய அரசின் உதவியால் 2005-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள்களுக்கான தேசிய வள மையம், சென்னை சி-டாக் நிறுவனத்தையும், குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையத்தையும் நிலைக்களமாகக் கொண்டது. இம்முயற்சியின் விளைவாக, டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கு ஏற்றவாறு அமைத்த பாஸ் என்னும் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ், பாஸ் ஆகிய இரண்டும் ஒரே கணினியில் அமைக்கப்பட்டன. மாணவர் விரும்பியதைத் திறந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு; ஆயினும் கற்பிப்போரும் அச்சிடுவோரும் பழகியது விண்டோஸாதலின், பாஸ் பெரும்பாலும் திறவாப் பேழையாயிற்று. 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பிக்குரிய ஆதரவு நின்றபோது, அரசுத் துறைகள் பாஸுக்கு மாறுமாறு தமிழ்நாட்டு அரசு அறிவுறுத்தியது.

அண்டை மாநிலமாகிய கேரளம், 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வாயிலாகப் பள்ளிகளைப் படிப்படியாக லினக்ஸுக்கு மாற்றி, பாடநூல், ஆசிரியர் பயிற்சி, செய்முறைத் தேர்வு ஆகிய மூன்றையும் அதனோடு பிணைத்தமையால் அங்கே அது நிலைத்தது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவுசெய்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்த பின், 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. ஆட்சியாளர் மாறினும் தளராத நிர்வாக உறுதி இருந்த இடத்தில் மாற்றம் வேரூன்றுவதும், அஃதில்லாத இடத்தில் வாடுவதும் இவ்வுதாரணங்களால் விளங்கும்.

ஒப்பீடு

விண்டோஸின் பெருஞ்சிறப்பு, ஏறக்குறைய எல்லா அச்சுப்பொறிக்கும் வருடிக்கும் வணிக மென்பொருளுக்கும் அது இடங்கொடுப்பது. அதன் குறைகள் உரிமச் செலவும், நச்சுநிரல்களின் முதல் இலக்காயிருப்பதும், புதிய பதிப்புகள் பழைய கணினிகளைத் தள்ளிவிடுவதுமாம். மாக் ஓஎஸ் செம்மையும் உறுதியும் வாய்ந்தது; ஆனால் ஆப்பிள் விற்கும் கணினிகளில் மட்டும் இயங்குவதாகலின், அதற்கு மாறுவது கணினியையே மாற்றுவதாகும். லினக்ஸ் விலையின்றிக் கிடைப்பது, பழைய கணினிகளையும் உயிர்ப்பிக்க வல்லது, பயனரின் சுதந்திரத்தை மதிப்பது. பழக்கத்துக்குச் சிறிது காலம் வேண்டும் என்பதும், சில அச்சுப்பொறிகளும் வணிக மென்பொருள்களும் இயைந்து வருவதில்லை என்பதும் அதன்மேல் கூறத்தக்க குறைகள்.

மாறுவதை முடிவுசெய்தல்

மாறலாமா என்பதை இயங்குதளத்தின் குணநலன்களை வைத்து முடிவுசெய்வதைவிட, ஒருவர் தம் கைவசமுள்ள ஆவணங்களை வைத்து முடிவுசெய்வதே உசிதம். சிவகங்கை மாவட்டத்துக் கீழச்சிவல்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊரொன்றில், கோயிலைச் சார்ந்த குடும்பங்களாகிய புள்ளிகளின் பட்டியலையும் அவற்றின் வரிக் கணக்கையும் எக்செல் கோப்பாக வைத்திருப்பவர், அதனை லினக்ஸில் இயங்கும் லிப்ரே ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருளில் பெரும்பாலும் இடையூறின்றித் திறக்கலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள உறவினரோடு நிகழ்த்தும் காணொளிப் பேச்சும் மின்னஞ்சலும் வங்கிப் பணிகளும் உலாவியிலேயே நடப்பதால் எந்த இயங்குதளமும் அவற்றுக்குப் போதும். ஆனால் டாலி என்னும் கணக்கு மென்பொருளில் பேரேடு எழுதும் கடைக்காரர் விண்டோஸை விடுவது எளிதன்று; அம்மென்பொருள் விண்டோஸுக்கென்றே அமைந்தது. கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் கல்யாணப் பத்திரிகை கோக்கும் காரைக்குடி அச்சகத்தார் போன்றோர்க்கும் அதே நிலை.

ஆகவே மாற நினைப்போர், தாம் நாள்தோறும் திறக்கும் மென்பொருள்களை ஒரு தாளில் எழுதி, அவற்றில் எவை உலாவியில் நடப்பன, எவற்றுக்கு ஈடு உண்டு, எவற்றுக்கு ஈடில்லை என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஈடில்லாதவை இல்லையாயின் மாறுவதற்குத் தடையில்லை. ஒன்றிரண்டு இருப்பின் இரு இயங்குதளங்களையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். தொழிலே அவற்றின்மேல் நிற்குமாயின் மாறாதிருப்பதே விவேகம். எவ்வாறாயினும், கோப்புகளைப் புறவட்டில் படியெடுத்துவைத்து, லினக்ஸை விரலியிலிருந்தே இயக்கி, அச்சுப்பொறியும் கம்பியில்லா இணைப்பும் தமிழ்99 தட்டெழுத்தும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பரீட்சித்த பின்னரே வட்டில் நிறுவுதல் முறையாகும். ஆவணங்களை ஒருங்குறியிலும், பல மென்பொருள்கள் திறக்கவல்ல கோப்பு வடிவங்களிலும் இன்றே சேமிக்கத் தொடங்குபவர், இன்று மாறாவிடினும், மாற வேண்டிய காலத்தில் சிரமப்படார்.

இன்றைய நிலை

விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் அண்மைக்காலச் செயலகத்தையும் வேண்டுவதால், பழைய கணினியுடையோரிடையே லினக்ஸைப் பற்றிய நாட்டம் மீண்டும் எழுந்துள்ளது.