4 கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒரிஜினலா? வாங்கும் முன் கவனிங்க!
அடையாறு பக்கம் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் விலைக்கு வருதா? முதலில் கதவை எண்ணுங்க. 1959-ல் பிரிட்டனில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டில் செடான், கூபே, கூரை திறக்கும் கன்வெர்டிபிள் எல்லாமே 2 கதவுதான். அதனால் 4 கதவைப் பார்த்தால் 'யாரோ வெட்டி ஒட்டிட்டாங்க' என்பார்கள். அது தப்பு. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமே இந்தியாவுக்காக 1968-ல் இறக்கிய மார்க் 3 மாடல் அது. முன் சீட்டை மடக்கி, பின்னால் ஏறும் அவஸ்தை குடும்பத்தோடு போறவங்களுக்குத்தான் தெரியும்!

கூரையை வெட்டி 'கன்வெர்டிபிள்' ஆக்கிய வண்டி என்றால் உஷார். 2021 மத்திய விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய காரை வின்டேஜ் எனப் பதிய, பாடி, சேஸிஸ், இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படிப் பதிந்தாலும் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்புக்கு மட்டும்தான்.