தோலில் துள்ளும் மாயமான்

தஞ்சை மராட்டியர் ஆட்சியின் (1676–1855) தடம் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரமாக நிற்கிறது. அதன் இன்னொரு தடம், அந்த ஆட்சிக் காலத்தில் தமிழகத்தில் வேரூன்றியதாக ஆய்வாளர் பலர் கருதும் தோல்பாவைக்கூத்து: தோலில் செய்த பாவைகளை ஒளியூட்டிய திரைக்குப் பின்னால் ஆட்டிக் கதை சொல்லும் கலை. இதை நடத்துபவை வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள்; அவர்களின் கலை தமிழ்க் கலையாகுமா என்று கேட்கலாம். ஆகும். அவர்கள் இராமாயணத்தைத் தமிழில் நடத்தினார்கள்; தமிழ் ஊர்களே அவர்களின் அரங்கம்.

அந்த இராமாயணக் கூத்தில் வரும் மாயமான், சடாயு பாவைகள் கதைக்குத் துணையான படங்கள்தாமே என்பாரும் உண்டு. பாவைகளின் செய்முறை அதை மறுக்கிறது. ஆட்டுத்தோலை மயிர் நீக்கிச் சுரண்டி, ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கி, உருவம் வரைந்து, உளியால் துளையிட்டு, வண்ணம் தீட்டுகிறார்கள். தோலில் துளையாக இருப்பது திரையில் ஒளிப்புள்ளியாகிறது. மானின் மேனி மின்னுவது அந்தச் செதுக்கலால்தான். ஆகவே கூத்தை மட்டுமன்றி, இந்தத் தோல்வேலையையும் தனிக் கலையாகப் போற்றிக் காக்க வேண்டும்.